யாரும் இரவல் வாங்காத தமிழ் நூலுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டா?

மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் தாமாக வந்து சேரவில்லை. 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்கே முதன்மை பெற வேண்டிய மொழி சமஸ்கிருதமா, தமிழா என்ற கேள்வி எழுந்தது. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் கொடுத்தார். துறை கிடைத்தால் மட்டும் போதாது, மாணவர்கள் படிக்க நூல் வேண்டுமே என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் மக்களிடம் நிதியும் திரட்டினார். 1956ஆம் ஆண்டு துறை தொடங்கியது. நூலகத்துக்காகத் தமிழர்கள் ஊர் ஊராகப் பணம் சேர்த்துக் கொடுத்தது இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் பெருமையோடு பேசப்படும் நிகழ்வு.

இன்று நிலைமை வேறு. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்கோ அடுக்குமாடிக்கோ குடிபோகும் குடும்பங்களில், அப்பாவோ தாத்தாவோ சேர்த்து வைத்த தமிழ்ப் புத்தகங்கள் நாலைந்து பெட்டிகளில் மிஞ்சுகின்றன. தூக்கிப் போட மனம் வராது. "பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் ஆய்வு நூலகங்கள் எதுவாக இருந்தாலும், வருவதை எல்லாம் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. பட்டியல் கேட்கும்; பாதியைத் திருப்பி அனுப்பும்; சில வேளைகளில் முழுவதையுமே வேண்டாம் என்று சொல்லும். "தமிழுக்கு இடமில்லையா?" என்ற மனக்குறை அங்கேதான் பிறக்கிறது.

இடம் என்ற சொல்லை நூலகர்கள் சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது மீட்டரும் சென்டிமீட்டரும். அந்தக் கணக்கு தெரிந்தால்தான், எந்த இடத்தில் மனக்குறைக்கு நியாயம் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஒரு தட்டின் கணக்கு

நூலக அலமாரியின் ஒரு தட்டு பெரும்பாலும் 90 சென்டிமீட்டர் நீளம். சராசரிக் கனமுள்ள புத்தகம் என்றால் சுமார் 30 பிடிக்கும். ஆனால் தட்டை முழுவதும் நிரப்ப முடியாது. நூல்கள் பாடவாரியாக வரிசையில் நிற்கின்றன. புதிதாக வரும் நூல் வரிசையின் கடைசியில் போய் நிற்பதில்லை. நடுவில் அதற்குரிய எண்ணில்தான் நுழைய வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகங்களில் தமிழ் இலக்கியத்துக்கு பி.எல். 4758 என்பது எண். அந்த எண்ணில் பத்து நாவல் புதிதாக வந்தால், அதற்கு அப்பால் இருக்கும் அத்தனை நூலையும் தள்ளித் தள்ளி நகர்த்த வேண்டும். ஆகவே தட்டு 85 விழுக்காடு நிரம்பிவிட்டாலே அதை நிறைந்த தட்டு என்று நூலகர்கள் கணக்கு வைத்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காலி இடம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே வேலை செய்பவருக்கு அது காலி இடம் அன்று.

பெரிய பல்கலைக்கழகம் ஒன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நூல் வாங்குகிறது. கட்டடம் வளர்வதில்லை. போதாக்குறைக்கு மாணவர்களுக்கு உட்கார இடம் வேண்டும், கணினி வைக்க இடம் வேண்டும், நாலு பேர் கூடிப் பேசிப் படிக்க அறை வேண்டும் என்ற நெருக்குதலும் உண்டு. அதனால் அலமாரி நின்ற தளங்கள் மேசை நாற்காலித் தளங்களாக மாறுவது உலகெங்கும் நடக்கிறது. சக்கரத்தில் நகரும் அடுக்கு அலமாரிகள் ஒரு வழி. இரண்டு அலமாரிக்கு நடுவே நடைபாதை வேண்டியதில்லை என்பதால் அதே தரையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நூல் வைக்கலாம். ஆனால் காகிதத்தின் கனம் சாதாரணமானதல்ல. அதைத் தாங்கும்படி கட்டப்பட்ட தரையில்தான் அந்த அலமாரியைப் போட முடியும். பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் நினைத்தவுடன் போட்டுவிட இயலாது.

எதை வெளியே எடுப்பது என்ற கேள்வி வரும்போது நூலகம் முதலில் பார்ப்பது இரவல் கணக்கை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1970களில் நடந்த ஆய்வு ஒன்று நூலகத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. அங்கே 1969ஆம் ஆண்டு வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. 2010ஆம் ஆண்டு பால் கூரன்ட், மேத்யூ நீல்சன் ஆகிய இருவர் வேறொரு கணக்கைப் போட்டார்கள். திறந்த அலமாரியில் ஒரு நூலை ஓர் ஆண்டு வைத்திருக்க ஆகும் செலவு, கட்டடம், மின்சாரம், துப்புரவு, ஆள்கூலி எல்லாம் சேர்த்து, 4 டாலர் 26 காசு. அதே நூலை நெருக்கி அடுக்கும் சேமிப்புக் கிடங்கில் வைத்தால் 86 காசு. வைத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதை இவ்வளவு பச்சையாகச் சொன்ன கணக்கு அதற்கு முன் அதிகமில்லை.

இந்த அளவுகோலை அப்படியே தமிழ் நூல் மேல் வைத்தால் என்ன ஆகும்? ஈப்போவிலோ சுங்கைப்பட்டாணியிலோ ஒரு சிறு அச்சகத்தில் சில நூறு படிகள் மட்டும் அச்சான 48 பக்கக் கவிதை நூல் பத்து ஆண்டில் ஒருமுறை இரவல் போனாலே அதிசயம். இரவல் கணக்கில் அது கடைசி. ஆனால் உலகத்தில் அந்த நூலின் படி வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். அதிகம் படிக்கப்படும் மு.வ. நாவலோ சென்னையிலும் உண்டு, பினாங்கிலும் உண்டு, கடையிலும் உண்டு. கூட்டம் பார்த்து இடம் கொடுத்தால் எங்கும் கிடைக்கும் நூல் தங்கும், எங்கும் கிடைக்காத நூல் போய்விடும். இதற்காகத்தான் ஆய்வு நூலகங்கள் சிறப்புச் சேகரம் என்று தனியாக ஒரு பகுதியை வைத்திருக்கின்றன.

சிறப்புச் சேகரம் என்றால்

அரிய நூல், கையெழுத்துப் படி, தனிமனிதர் கடிதங்கள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், புகைப்படங்கள், பழைய இதழ்கள் ஆகியவை அங்கே போகும். அலமாரி பூட்டியிருக்கும். வாசகர் உள்ளே போய்த் துழாவ முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வந்து மேசையில் வைப்பார். பையை வெளியே வைத்துவிட வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும். இரவல் கிடையாது. இந்தப் பகுதியில் ஒரு நூல் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பது முக்கியமில்லை. வேறெங்கு இருக்கிறது என்பதே முக்கியம்.

அப்படிப் பார்த்தால் மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களின் அச்சுச் செல்வத்தில் பெரும்பகுதி சிறப்புச் சேகரத்துக்கு உரியது. கோயில் கும்பாபிஷேக மலர், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர், இளைஞர் மணிமன்றத்தின் விழா மலர், தொழிற்சங்கத் துண்டறிக்கை, மேடை நாடகத்தின் நோட்டீசு, உருட்டு அச்சில் எடுத்த மாத இதழ். இவற்றை விலை போட்டு எந்தக் கடையும் விற்றதில்லை. கையிலிருந்து கைக்குப் போனவை. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புத் திட்டமாகிப் பெயரே மறைந்த இடங்கள் பல. அந்த ஊரில் பள்ளி எப்போது கட்டினார்கள், கோயிலுக்கு யார் யார் நன்கொடை கொடுத்தார்கள், தலைமையாசிரியர் யார் என்பதற்கு மலரின் கடைசிப் பக்க நன்கொடையாளர் பட்டியலே சான்று. ஆய்வாளருக்கு முன்பக்கத்து வாழ்த்துரைகளைவிட அந்தப் பட்டியல்தான் பயன்படும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இவ்வகை அச்சுகளுக்கு அலமாரியில் வேறொரு தொல்லையும் உண்டு. மெல்லிய நூலுக்கு முதுகு கிடையாது. கனமான இரு நூலுக்கு நடுவே நின்றால் கண்ணில் படாது. பின்னால் விழுந்து கிடந்தால் பத்தாண்டுக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். அதனால் நாலைந்தை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். நாளிதழ் என்றால் சிக்கல் பெரிது. 1924ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டு நின்றுபோன தமிழ் நேசனை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு கட்டு என்று பைண்டு செய்தால் ஆண்டுக்கு 12 கட்டு. சப்பானியர் காலத்தைக் கழித்தாலும் ஆயிரம் கட்டுக்கு மேல் வரும். ஒரு கட்டு 4 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால் 40 மீட்டர் உயரம். அதையும் நிமிர்த்தி நிறுத்த முடியாது, படுக்கப்போட்டுத்தான் அடுக்க வேண்டும். நாளிதழ்களை நுண்படச் சுருளுக்கு மாற்றும் வழக்கம் உலக நூலகங்களில் வந்ததற்கு, காகிதம் கெடும் என்ற அச்சத்தோடு இந்த இட நெருக்கடியும் காரணம்.

காகிதம் கெடும் என்பதும் உண்மை. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அமிலம் இருக்கிறது. தாள் பழுப்பேறி, மடித்தால் ஒடிந்துவிடும். நம்முடைய நூல்களில் பெரும்பாலானவை, சென்னையில் அச்சானவையும் இங்கே அச்சானவையும், அத்தகைய தாளில் வந்தவைதான். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இந்நாட்டில் அது சாதாரணமாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அதோடு கரையான், இராமபாணப் பூச்சி, துருப்பிடித்த ஸ்டேப்பிள் கம்பி. குளிர்சாதனம் போட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். பகலில் போட்டு இரவில் அணைக்கும் குளிர்சாதனம் போடாமல் இருப்பதைவிடக் கெடுதல் செய்யும். வெப்பமும் ஈரமும் தினமும் ஏறி இறங்கினால் தாள் விரிந்து சுருங்கி நைந்துவிடும். ஆகவே சிறப்புச் சேகரத்தின் ஒவ்வொரு தட்டும் 24 மணி நேரமும் மின்சாரம் தின்னும் தட்டு. சாதாரண அலமாரியைவிட அதற்குச் செலவு அதிகம் என்பதால்தான் உள்ளே விடுவதற்கு முன் நூலகர்கள் அவ்வளவு யோசிக்கிறார்கள்.

இரண்டு பல்கலைக்கழகங்கள் செய்தது

இட நெருக்கடிக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1986ஆம் ஆண்டு கண்ட வழியை இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. வளாகத்துக்கு வெளியே, நில விலை குறைந்த ஊரில் ஒரு பெரிய கிடங்கு கட்டினார்கள். அங்கே நூல்கள் பாடவாரியாக இல்லை, உயரவாரியாக நிற்கின்றன. ஒரே உயரமுள்ள நூல்கள் ஒரு தட்டத்தில். எந்த நூல் எந்தத் தட்டத்தில் என்பது பட்டைக்குறியீட்டுக்குத்தான் தெரியும். உயரவாரியாக அடுக்கினால் தட்டுக்குத் தட்டு வீண் இடைவெளி இருக்காது. கூரை வரை அடுக்கலாம். குளிராகவும் வறட்சியாகவும் வைத்திருப்பதால் தாளுக்கும் நல்லது. இழப்பு ஒன்று உண்டு. ஒரு நூலைத் தேடிப் போனவர் பக்கத்தில் நிற்கும் இன்னொரு நூலைத் தற்செயலாகக் கண்டெடுப்பது அங்கே நடக்காது.

சிகாகோ பல்கலைக்கழகம் அந்த இழப்பைக் குறைக்கப் பார்த்தது. நூல்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல், வளாகத்தின் நடுவிலேயே பூமிக்கடியில் 50 அடி ஆழத்துக்குக் கிடங்கு கட்டியது. மேலே கண்ணாடிக் கூண்டு போன்ற வாசிப்பு மண்டபம். கீழே 35 லட்சம் நூல் பிடிக்கும் இரும்புப் பெட்டிகள். எடுத்துத் தர ஐந்து இயந்திரத் தூக்கிகள். 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மான்சுவேட்டோ நூலகம் என்ற அந்தக் கட்டடத்தில் கேட்ட நூல் சில நிமிடங்களில் மேலே வந்துவிடுகிறது.

சிகாகோவைப் பற்றிச் சொல்லும்போது அதன் தமிழ்ச் சேகரத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை விற்று, விலையை ரூபாயாகப் பெற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த ரூபாயின் ஒரு பகுதியில் 1962ஆம் ஆண்டு முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். ரேஷன் கடையில் விற்ற கோதுமைதான் தமிழ் நாவல்களைக் கடல் தாண்டி அனுப்பியது என்று சொன்னால் மிகையில்லை. அப்படி வளர்ந்த தமிழ்ச் சேகரங்களில் சிகாகோவினுடையதும் ஒன்று.

1992ஆம் ஆண்டு, செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா காலமானார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்தவை, நூல், இதழ், நாடக நோட்டீசு, கடிதம், திருமண அழைப்பிதழ் எல்லாம் சேர்த்து, ஏறத்தாழ ஒரு லட்சம். அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல், சென்னையிலேயே 1994ஆம் ஆண்டு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைய வழி செய்தது. நூல்களை நுண்படச் சுருளாக எடுத்துக்கொண்டார்கள். மூலப் படிகள் தமிழ்நாட்டிலேயே தங்கின, படம் ஆய்வாளர்களிடம் போனது. ஒரு சேகரத்தைக் காப்பாற்ற அதைத் தன் அலமாரிக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழில் இல்லை. நமக்கும் இது பொருந்தும். ஒரு சங்கத்தின் ஐம்பது ஆண்டு மலர்களும் சங்கக் கட்டடத்திலேயே பத்திரமாக இருக்கட்டும். அவற்றின் மின்படி பல்கலைக்கழகத்தில் இருக்கட்டும். இரு தரப்புக்கும் இடச் சுமை குறையும்.

பட்டியலில் இல்லாதது இல்லாததே

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு 1961ஆம் ஆண்டு தலைவராக வந்த தனிநாயகம் அடிகள், 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர் என்று எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டில் தமிழியல் ஆய்வுக்கு உதவும் நூல்களின் கையேடு ஒன்றையும் அவர் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாகக் கொண்டுவந்தார். மாநாடு நினைவில் நிற்கிறது, கையேட்டை அறிந்தவர் குறைவு. மூன்று ஆண்டு கழித்து, அத்துறையின் விரிவுரையாளர் இராம சுப்பையா 'தமிழ் மலேசியானா' என்ற நூலைத் தொகுத்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. 1969ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக நூலகமே அதை வெளியிட்டது.

கதை இல்லை, கவிதை இல்லை, பெயரும் ஆண்டும் ஊரும் மட்டும் உள்ள நூல். ஆனால் இந்நாட்டுத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுத வருபவர் கையில் எடுக்க வேண்டிய நூல்களில் ஒன்று. அந்தப் பட்டியலில் ஏறிய நூல் பிறகு எங்காவது தொலைந்தாலும், அப்படி ஒன்று இருந்தது என்ற செய்தி தொலையாது. தேடுவதற்குப் பெயராவது கிடைக்கும். இட நெருக்கடியில் அலமாரியைக் காலி செய்யும் நூலகருக்கும் அது துணை. "இது இங்கே அச்சான நூல், எடுக்கக் கூடாது" என்று தமிழ் தெரியாத ஊழியருக்குப் பட்டியல்தான் சொல்ல முடியும். நூலுக்குத் தட்டு கொடுப்பதற்கு முன் பட்டியலில் ஒரு வரி கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஒரு வரி எழுதுவதற்குத் தமிழ் படித்த பட்டியலாளர் வேண்டும். நன்கொடைப் பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் பிரிக்கப்படாமல் கிடப்பதற்குப் பல நூலகங்களில் இடமின்மையைவிட ஆளின்மையே காரணம். பட்டியல் ஏறிய நூலும் வாசகர் கண்ணில் படாமல் போவதுண்டு. கணினிப் பட்டியலில் பழைய பதிவுகள் பலவும் ஆங்கில எழுத்தில், பன்னாட்டு எழுத்துப்பெயர்ப்பு முறையில் உள்ளன. 'சங்கம்' என்பதை நாம் எஸ் என்ற எழுத்தில் தொடங்கி, நடுவில் ஜி போட்டுத் தேடுவோம். பட்டியலில் அது சி-யில் தொடங்கி, நடுவில் கே போட்டு இருக்கும். 'தமிழ்' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு இசட்-எச் போட்டால் ஒன்றும் வராது. அங்கே அடிக்கோடிட்ட எல் இருக்கிறது. நூல் உள்ளேயே இருந்தும் "இல்லை" என்று திரை சொல்கிறது, மாணவர் திரும்பிப் போகிறார், இரவல் கணக்கு சுழியமாகவே நிற்கிறது. அந்தச் சுழியத்தைப் பார்த்து நூலகம் அதைக் கிடங்குக்கு அனுப்புகிறது. மனக்குறைக்கு நியாயம் உள்ள இடம் என்று முன்னே சொன்னது இதைத்தான். ஒரு நூலகத்தில் தேடும்போது ஒரு முறைக்கு மூன்று முறை, தமிழ் எழுத்திலும் இந்த முறையிலும் தேடிப் பார்ப்பது நல்லது. நூல் கிடைத்தால் அங்கேயே அமர்ந்து புரட்டிவிட்டு வைத்துவிடாமல், இரவல் தரும் நூலாக இருந்தால் முறையாக இரவல் எடுப்பது அந்த நூலுக்குச் செய்யும் உதவி.

எல்லாவற்றையும் மின்படியாக்கிவிட்டால் இடமே வேண்டாமே என்று கேட்பவர் உண்டு. மின்படி இடத்தை மிச்சப்படுத்துவது எங்கும் கிடைக்கும் நூலுக்கு மட்டுமே. ஒரே படி உள்ள நூலை மின்படி எடுத்த பிறகும் மூலத்தைக் காத்தாக வேண்டும். சட்டமும் குறுக்கே வரும். மலேசியாவில் காப்புரிமை எழுத்தாளர் இறந்து 50 ஆண்டு வரை நீடிக்கிறது. சிங்கப்பூரில் 70 ஆண்டு. 1980ஆம் ஆண்டு காலமான மலேசிய எழுத்தாளரின் நூலை, 2030ஆம் ஆண்டு முடியும்வரை வாரிசுகள் சம்மதமின்றி இணையத்தில் பொதுவில் போட முடியாது. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு, நாடு சுதந்திரம் பெற்ற 50 ஆண்டுக்கான தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்படியாக்கினார்கள். அதற்கு எழுத்தாளர்களிடமும் குடும்பத்தாரிடமும் அனுமதி கேட்டு அலைந்ததே பெரிய வேலை. தமிழ் முரசின் 1936ஆம் ஆண்டு முதலான பழைய இதழ்களும் அந்த வாரியத்தின் இணையப் பக்கத்தில் இன்று படிக்கக் கிடைக்கின்றன. பேராக்கிலோ ஜொகூரிலோ தன் தாத்தா இருந்த ஊரைப் பற்றித் தேடுபவரும் அங்கே போய்ப் பார்க்கலாம். அக்காலத்தில் தமிழ் முரசு இரு கரைக்கும் பொதுவான பத்திரிகை.

கொடுக்க நினைப்பவர்களுக்கு

முதலில், புதிதாக நூலோ மலரோ வெளியிடுபவர்களுக்கு. மலேசியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூலின் 5 படிகளை வெளியீட்டாளர் தம் செலவில் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். சிங்கப்பூரில் 2 படிகள். நூல் வெளியீட்டு விழாவில் பிரமுகர்களுக்கு மாலையோடு முதல் பத்துப் படிகள் போய்விடுகின்றன. இந்த ஐந்து படி பல நேரம் மறந்துபோகிறது. இதை ஒழுங்காகச் செய்தால் பிற்காலத்தில் பல்கலைக்கழக வாசலில் பெட்டியோடு நிற்க வேண்டிய தேவையே பாதி குறையும்.

வீட்டில் பழைய சேகரம் உள்ளவர்கள் பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன் பட்டியல் எழுத வேண்டும். நூல் பெயர், ஆசிரியர், அச்சான ஊர், ஆண்டு போதும். முன்னட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் சரி. அதில் மலேசியா, சிங்கப்பூரில் அச்சானவற்றைத் தனியாகக் குறியுங்கள். நூலகர் கண் முதலில் அங்கேதான் போகும். சென்னைப் பதிப்பாக வந்த பொன்னியின் செல்வனும் திருக்குறள் உரையும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். அவற்றைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கோ கோயில் நூலகத்துக்கோ கொடுத்தால் படிப்பார்கள். கடிதம், டைரி, கையெழுத்துப் படி, பெயர் எழுதிய புகைப்படம் இருந்தால் அவற்றை நூல்களைவிட முன்னால் சொல்லுங்கள். "இதெல்லாம் யாருக்கு வேண்டும்" என்று கழித்துப் போடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

கிழிந்த பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டக் கூடாது. நாளாக நாளாகப் பசை தாளைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் தாளில் பொதிந்து சூட்டில் ஒட்டும் லேமினேஷன் அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த நூலை மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பையில் போட்டு, அதை நூலகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூச்சி உள்ள ஒரு பெட்டி ஓர் அறையையே கெடுத்துவிடும் என்பதால், வரும் பெட்டிகளை உறைகுளிரில் சில நாள் வைத்துப் பூச்சியைக் கொன்ற பிறகே உள்ளே விடும் நூலகங்கள் உண்டு.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. அப்பாவின் பெயரில் தனி அலமாரி, அதில் அவருடைய நூல் மட்டும், கலைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். பெயர்ப்பலகை ஆசை புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் நிபந்தனை போட்ட அலமாரி நூலகத்துக்கு நிரந்தர வாடகை வாங்காத குடித்தனக்காரர் மாதிரி. புதிதாக ஒரு நூலும் அதில் சேராது, பாடவாரியாகத் தேடுபவர் கண்ணிலும் படாது. நூலகங்கள் இதற்கு வைத்திருக்கும் மாற்று, நூலின் உள்ளட்டையில் கொடையாளர் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும், கணினிப் பதிவில் அந்தப் பெயரைச் சேர்ப்பதும். பெயரைத் தட்டினால் அவர் கொடுத்த அத்தனை நூலும், எந்தத் தளத்தில் எந்தக் கிடங்கில் இருந்தாலும், திரையில் ஒன்றாக வரும்.

கொடுக்கும்போது நூலகம் கொடை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்கும். அதில் மூன்றைப் படித்துப் பாருங்கள்: வேண்டாத படிகளை நூலகம் என்ன செய்யும், திருப்பித் தருமா, வேறிடம் அனுப்புமா என்பது, கடிதம், டைரி போன்றவற்றை எத்தனை ஆண்டுக்கு மூடி வைக்க வேண்டும் என்பது, அப்பாவே எழுதிய நூலாக இருந்தால், மின்படி எடுத்து இணையத்தில் போட வாரிசுகள் சம்மதமா என்பது. கடைசிக் கேள்விக்கு அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லாருடைய கையெழுத்தும் தேவைப்படும். எல்லாரும் ஒரே ஊரில் இருக்கும் திருநாள், கல்யாண நேரம் பார்த்து வாங்கி வைத்துக்கொள்வது எளிது.